ஆன்லைன் கடைக்கும் அக்கம்பக்கம் உண்டு

பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வீட்டிலேயே பொடி வகைகள் செய்து, சொந்தமாக ஒரு இணையதளம் வைத்து விற்கிறவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. பதிவு இன்னும் வாங்கவில்லை. பீதரிலிருந்து ஓர் ஆர்டர் வந்தால் அவர் தாராளமாக அனுப்பலாம். பீதர் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய ஓசூருக்கு, பொடி ஒரு பொட்டலம்கூட அவர் விற்க முடியாது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. மாநில எல்லை தாண்டி வரிக்குரிய பொருளை விற்றால், முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம் என்பது ஜி.எஸ்.டி. விதி.

கர்நாடகத்துக்குள் மட்டும் பொருள் விற்கிறவருக்கு, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. இந்த 40 லட்சம் என்ற எண் ஊரெங்கும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் எல்லைக்கோடு பலருக்குத் தெரிவதில்லை. அச்சிட்ட புத்தகம் போல வரியே இல்லாத பொருளை மட்டும் விற்கிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. குறிப்பிட்ட சில கைவினைப் பொருள்களை வெளி மாநிலத்துக்கு விற்கவும் 20 லட்சம் வரை விலக்கு இருக்கிறது. பொடிக்கும் ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் அந்தச் சலுகை இல்லை. அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் கடை போடுகிறவர்கள் முன்பெல்லாம் எவ்வளவு சின்ன வியாபாரியானாலும் பதிவு வாங்கியே ஆகவேண்டும் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், ஒரே மாநிலத்துக்குள் மட்டும் விற்கிறவர்களுக்கு அது தளர்ந்தது. ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஒரு எண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். அங்கேயும் எல்லை தாண்டக் கூடாது.

வரிச் சட்டத்தோடு தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஆன்லைன் கடை என்றதும் நம் மனதில் முதலில் வருவது, இனிமேல் தூரம் ஒரு பொருட்டே இல்லை என்ற எண்ணம். கடை இணையத்தில் இருக்கிறது, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று நம்பித்தான் பலர் தொடங்குகிறார்கள். சிறு வியாபாரிக்கு லாபத்தையும் நஷ்டத்தையும் தீர்மானிப்பதே தூரம்தான் என்பது என் உறுதியான கருத்து. வரி, கூரியர், நம்பிக்கை என்று எந்தப் பக்கம் பார்த்தாலும், அருகில் விற்கும் ஆர்டர் காசாகிறது, தொலைவில் விற்கும் ஆர்டர் கையைக் கடிக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்துப் பார்க்கப் போகிறேன்.

நாடு முழுக்க விற்கலாம் என்ற கனவு இந்த ஊரிலேயே பிறந்தது. 1999இல் ஃபேப்மார்ட் என்ற ஆன்லைன் கடை தொடங்கியது பெங்களூரில். 2007இல் கோரமங்கலாவில் ஃபிளிப்கார்ட் புத்தகக் கடையாகத் தொடங்கியது. 2010இல் ஃபிளிப்கார்ட் கொண்டுவந்த கேஷ் ஆன் டெலிவரி, அதாவது சி.ஓ.டி., நம் மக்களின் பழக்கத்தையே மாற்றியது. கார்டு வைத்திருந்தவர்கள் குறைவு, வைத்திருந்தவர்களுக்கும் முகம் தெரியாத கடைக்கு முன்பணம் கட்டப் பயம். பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கலாம் என்றதும் தயக்கம் போய்விட்டது. அந்த வசதிக்கான செலவைப் பல வருடங்கள் தாங்கியது முதலீட்டாளர்களின் பணம். வாடிக்கையாளருக்குப் பழகிப்போன அதே வசதியை இன்று அல்சூரிலோ மாரத்தஹள்ளியிலோ இருக்கும் ஒற்றை ஆள் கடையும் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. இவருக்குப் பின்னால் எந்த முதலீட்டாளரும் இல்லை.

முதலில் கூரியர் கணக்கு. பார்சலைத் தராசில் வைத்தால் காட்டும் எடை ஒன்று, கூரியர்காரர் பில் போடும் எடை இன்னொன்று. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அதுவும் பெரும்பாலும் அரைக் கிலோ படிகளாக ஏறும்.

கை முறுக்கை நொறுங்காமல் அனுப்ப வேண்டுமென்றால் டப்பாவில் அடுக்கி, சுற்றிலும் மெத்தென்று எதையாவது வைத்து, 30க்கு 25க்கு 15 சென்டிமீட்டர் பெட்டியில் போட வேண்டியிருக்கும். எல்லாம் சேர்த்துத் தராசில் 900 கிராம்தான் காட்டும். கன அளவுக் கணக்கில் 2.25 கிலோ; பில் வருவது 2.5 கிலோவுக்கு. இட்லிப்பொடி 200 கிராம் பாக்கெட் இரண்டை 20க்கு 15க்கு 8 பெட்டியில் வைத்தால் கன அளவு எடை 480 கிராம். பொடி, கவர், பெட்டி, டேப் எல்லாம் சேர்ந்த நிஜ எடையும் 470 கிராம் பக்கத்தில் நிற்கும். அரைக் கிலோ படிக்குள் அடங்கிவிடுகிறது. இதே பொடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டிலின் எடையே பார்சலை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். நன்றாக நடக்கும் கடைகளில் பெட்டியின் அளவை முடிவு செய்த பிறகே பாக்கெட்டின் அளவை முடிவு செய்கிறார்கள். 250 கிராம் பாக்கெட்டை 200 கிராமாக்குவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும்.

அல்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பொடி விற்கிறார். அவருடைய சமையலறை மேடையின் ஓரத்தில் ஒரு டிஜிட்டல் தராசும் தையல்காரரின் அளவு நாடாவும் எப்போதும் இருக்கும். பெட்டியை ஒட்டி முடித்ததும் தராசில் ஏற்றி, நாடாவைப் பெட்டியின் மேல் நீட்டி, முகவரிச் சீட்டும் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துவிடுவார். கூரியர் கிடங்கில் இயந்திரம் அளந்து எடை கூடுதல் என்று சொன்னால், வித்தியாசத் தொகை, கூரியர்காரரிடம் கட்டிவைத்திருக்கும் முன்பணக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும். ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாட்கள்தான் அவகாசம், ஆதாரமாகக் கேட்பது இந்தப் போட்டோவைத்தான். ஒரு பார்சலுக்கு இருபது, முப்பது ரூபாய் என்று பார்த்தால் சின்ன விஷயம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அது கரண்ட் பில்லுக்குச் சமமாக வந்து நிற்கும்.

அடுத்தது சி.ஓ.டி. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே பொடி ஜோடியை டெலிவரியோடு சேர்த்து 450 ரூபாய்க்கு, பதிவு பெற்ற ஒரு கடை விற்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீத ஜி.எஸ்.டி.யாக ஏறக்குறைய 21 ரூபாய் போகிறது. சாமான், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 160. கவர், பெட்டி, லேபிள், டேப் 28. வெளியூர்க் கூரியர் 75. இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் போட்டு ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க 80. ஆன்லைனில் முன்கூட்டியே பணம் கட்டினால், பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கு 2 சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும், சுமார் 11 ரூபாய். மிச்சம் 75 ரூபாய். சி.ஓ.டி. என்றால் இந்த 11 ரூபாய் இல்லை, ஆனால் பணம் வசூலித்துத் தரக் கூரியர் 40 ரூபாய் எடுத்துக்கொள்வதாக வைத்தால் மிச்சம் 46.

சரி, 46 ரூபாயாவது வருகிறதே என்று தோன்றும். பார்சல் போய்ச் சேர்ந்து, வீட்டில் ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை, இப்போது வேண்டாம் என்று திரும்பி வந்தால்? போன கூரியர் 75, திரும்பி வந்த கூரியர் 75, பெட்டி 28, விளம்பரம் 80. மொத்தம் 258 ரூபாய் கையிலிருந்து போய்விட்டது. பத்து சி.ஓ.டி. ஆர்டரில் இரண்டு திரும்பினால், எட்டில் வந்த லாபம் 368, இரண்டில் போனது 516. பத்து பேருக்கு அனுப்பி, எட்டு பேர் பணம் கொடுத்து, முடிவில் 148 ரூபாய் நஷ்டம். இதில் பொடியின் விலையைச் சேர்க்கவே இல்லை. பத்துப் பதினைந்து நாள் லாரியிலும் கிடங்கிலும் கிடந்து திரும்பும் உணவுப் பொருளை மறுபடி இன்னொருவருக்கு அனுப்ப மனசாட்சியுள்ள யாருக்கும் கை வராது. அதையும் சேர்த்தால் நஷ்டம் இன்னும் 320 ரூபாய் கூடும்.

இந்த எண்கள் கடைக்குக் கடை மாறும். துணி விற்கிறவருக்குத் திரும்பி வந்த பொருள் கெடாது, ஆனால் சைஸ் சரியில்லை, கலர் போட்டோவில் பார்த்த மாதிரி இல்லை என்று திரும்புவது அதிகம். எந்தப் பொருளானாலும் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைத் தன் எண்களோடு போட்டுப் பார்க்காமல் யாரும் சி.ஓ.டி.யைத் திறந்துவிடக் கூடாது. மேலே சொன்ன கடையில், பொடியின் அடக்கத்தைச் சேர்க்காமலே, ஏறக்குறைய ஏழு பார்சலுக்கு ஒன்று திரும்பினாலே லாபம் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

சி.ஓ.டி.யை அடியோடு நிறுத்தவும் முடிவதில்லை. முதல் தடவை வாங்குகிறவரின் பயம் நியாயமானது. இன்ஸ்டாகிராமில் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிற கடைகளால் ஏமாந்தவர்கள் ஏராளம். அந்தப் பயத்தைப் போக்கும் வழி அருகாமைதான். அனுப்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, "மேடம், பொடி ஆர்டர் பண்ணியிருந்தீங்களே, நாளைக்கு அனுப்பட்டுமா?" என்று வாடிக்கையாளரின் மொழியில் கேட்டாலே ஏனோதானோ ஆர்டர்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். முகவரியும் சரியாகிவிடும். பெங்களூர் முகவரிக்கு இது மிகவும் அவசியம். பி.டி.எம். லேஅவுட், ஏழாவது கிராஸ் என்று மட்டும் எழுதிவிட்டால், எந்த ஸ்டேஜ், எந்த மெயின் என்று தெரியாமல் டெலிவரிப் பையன் இரண்டு சுற்று சுற்றிவிட்டு "ஆள் இல்லை" என்று போட்டுவிடுவான். முன்பணம் கட்டினால் 30 ரூபாய் தள்ளுபடி என்று வைப்பதும் பலன் தரும். மேலே போட்ட கணக்கில் அந்த 30 ரூபாய் தள்ளுபடியும் ஆன்லைன் கட்டணம் 11 ரூபாயும் சேர்ந்தால், 40 ரூபாய் வசூல் கட்டணத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்தான்; பார்சல் திரும்பும் பயம் குறைவதே லாபம்.

இப்போது அதே பொடியை அதே விலைக்கு, முன்பு வாங்கிய ஒருவர், பெங்களூருக்குள்ளேயே, முன்பணம் கட்டி வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரச் செலவு 80 இல்லை. உள்ளூர்க் கூரியர் 45 என்றால் அதில் 30 மிச்சம். லாபம் 75லிருந்து 185க்குப் போகிறது. தூரத்துச் சி.ஓ.டி. ஆர்டரில் வரும் 46 ரூபாயைப் போல நான்கு மடங்கு. இதைப் பார்த்த பிறகும் விளம்பரப் பட்ஜெட்டை ஏற்றி உத்தரப் பிரதேசத்தில் புது ஆளைத் தேடுவது எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் ஒரு பக்கம். வேலைக்காக வந்து எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி அடுக்ககங்களில் குடியேறியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டத்துக்கு ஊர்ச் சுவை வேண்டும், செய்ய நேரமில்லை. பெரிய அடுக்ககங்களில் குடியிருப்பவர்களுக்கென்று வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு, அதிலேயே தமிழர்களுக்கென்று தனிக்குழுவும் இருக்கும். கடைக்காரருக்கு அது இலவசமாகக் கிடைக்கும் கடைத்தெரு. அல்சூர் அக்காவின் போனில் ஒருநாள் பார்த்த உரையாடல் இது:

"அக்கா, போன தடவை வாங்கின கறிவேப்பிலைப் பொடி தீர்ந்துடுச்சு. இந்த வாரம் கிடைக்குமா? பையனுக்கு, காரம் கொஞ்சம் கம்மியா."

"வியாழக்கிழமை வறுக்கிறேன்மா. காரம் கம்மியா தனியா ஒரு பாக்கெட் போட்டு வைக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்துடும்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் இந்தச் சில வரிகளில் ஒரு வியாபார முறையே அடங்கியிருக்கிறது. ஆர்டர் வந்த பிறகு வறுப்பதால் சரக்கு தேங்காது. வறுத்த மறுநாளே கைக்குப் போவதால் பொருள் புதிதாக இருக்கிறது. பிள்ளைக்குக் காரம் குறைத்துத் தருவதைப் பெரிய கம்பெனி எதுவும் செய்யாது. அந்த வாடிக்கையாளர் மூன்று வாரத்தில் மறுபடி வருவார். பெரிய தளத்தில் கடை போட்டால் ஆர்டர் எண்ணிக்கை கூடலாம், அறிமுகம் கிடைக்க அது நல்ல இடம்தான். ஆனால் வாங்கியவரின் தொடர்பு தளத்திடமே தங்கிவிடும். பொடி தீர்ந்திருக்குமே என்று நாமாக விசாரிக்க வழியிருக்காது. தளத்துக்குத் தரும் கமிஷனைவிட இது பெரிய இழப்பு. சொந்தமாக ஒரு இணையதளமோ, குறைந்தபட்சம் வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு கேட்டலாகோ, அதாவது பொருள் பட்டியலோ, வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

பணம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை, யு.பி.ஐ. வழியாக வந்த பணத்தின் கணக்கை எடுத்துப் பார்த்து, சிறு வியாபாரிகள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. டீக்கடை, பேக்கரி, காய்கறிக் கடை என்று பயம் பரவி, "யு.பி.ஐ. இல்லை, பணம் மட்டும்" என்ற பலகைகள் பெங்களூர்த் தெருக்களில் தொங்கின. பால், காய்கறி போன்ற வரி விலக்குள்ள பொருள்களுக்கு வரி கேட்க மாட்டோம் என்று அரசு பின்னர் விளக்கியது. ஆன்லைன் கடைக்காரருக்குப் பணம் மட்டும் என்று பலகை தொங்கவிடும் வழியே கிடையாது. அவருடைய விற்பனை முழுக்கப் பதிவாகிற விற்பனை. ஆகவே முதல் நாளிலிருந்தே கடைக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். தங்கை அனுப்பிய பணமும், சீட்டுப் பணமும், பொடி விற்ற பணமும் ஒரே கணக்கில் வந்து விழுந்தால், நான்கு வருடம் கழித்து எது வியாபாரம், எது குடும்பம் என்று நிரூபிக்கிற வேலை வியாபாரியின் தலையில்தான் விழும்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உணவுப் பொருள் விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ வேண்டும், வீட்டுச் சமையலறையானாலும். அந்த 14 இலக்க எண்ணோடு, சேர்ந்துள்ள பொருள்கள், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, காலாவதி, தயாரித்தவரின் முகவரி, புகார் செய்ய வேண்டிய எண் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். விலை, எடை, முகவரி போன்ற விவரங்கள் இணையதளத்திலும் தெரிய வேண்டும். 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்து சேர்ந்தது என்று 48 மணி நேரத்துக்குள் உறுதி சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதை வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜெண்டுகளிடம் போகத் தேவையில்லை. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் நாமே போட்டுவிடலாம்.

எப்போது ஊரைத் தாண்டுவது என்று கேட்பார்கள். பெங்களூரில் வாங்கியவர்களில் நல்ல பங்கு, சொல்லாமலே இரண்டாம் முறை வருகிறார்கள் என்றால் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். வெளியூர் ஆர்டர்கள் பெரும்பாலும் அவர்கள் வழியாகவே தொடங்கும். ஒயிட்ஃபீல்டில் வாங்கிய அம்மா புனேயில் இருக்கும் மகனுக்கு அனுப்பச் சொல்வார், குருகிராமில் இருக்கும் அண்ணிக்குத் தீபாவளிப் பெட்டி போகும். இந்த ஆர்டர்களுக்கு விளம்பரச் செலவு இல்லை. பணம் முன்பே வந்துவிடும், பார்சல் திரும்புவதும் அபூர்வம். பதிவை வாங்கிக்கொண்டு முதலில் சென்னை, மும்பை, டெல்லி போன்ற பெருநகரப் பின்கோடுகளைத் திறக்கலாம். அங்கெல்லாம் கூரியர் போய்ச் சேரும் நாளை ஓரளவு நம்பிச் சொல்ல முடியும். வெளி மாநிலங்களுக்குச் சி.ஓ.டி.யை முதல் ஆறு மாதம் மூடியே வைக்கலாம். வடகிழக்கு மாநிலங்களுக்கும் ஜம்மு காஷ்மீருக்கும் கூரியர் கட்டணமே தனி வரிசையில் இருக்கும். அங்கிருந்து ஆர்டர் வந்தால், டெலிவரி இலவசம் என்று வாயால் சொல்லிவிட்டுக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். கட்டணத்தைத் தனியாகக் காட்டிக் கேட்கலாம், வேண்டியவர்கள் கொடுப்பார்கள்.